கத்தரிக்கோலா, சிலிகானா?

கையில் கத்தரிக்கோலோடு ஒரு மாமியார் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?

நான், "காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன். பதறிப்போனால் என் வாயில் முதலில் வருவது அதுதான். என்ன செய்வது... சுபாவம்!

"காபி கெடக்கட்டும். மொதல்ல இவ முடிய அறுக்கணும். நான் சொன்னா கேக்க மாட்றா. நீதான் பேப்பர்ல ஊருக்கே புத்தி சொல்றியே, இவளுக்கும் ஒண்ணு சொல்லு!"

சொன்னவர் கன்னியம்மா. அவருக்குப் பின்னால், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மூக்கைச் சிந்தியபடி அவருடைய மருமகள் வெண்ணிலா. சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அடுப்பில் இட்லி இன்னும் வேகவில்லை. அதற்குள் என் வீட்டில் பஞ்சாயத்து!

இவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது பழவேற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். இவர்கள் குடும்பம் ஏரிக்கரையில். வெண்ணிலாவும் அவள் கணவன் ஏழுமலையும் ஏரியில் கையாலேயே இறால் பிடிப்பவர்கள். படகு கிடையாது, வலை கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, அடிச்சேற்றைக் கையால் துழாவி, தட்டுப்படுகிற இறாலை லபக்கென்று பிடித்து, பறிக்குள் போட வேண்டும். பறி என்றால் பனையோலையில் முடைந்த சின்னக் கூடை. இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் அதைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். நான் ஒருமுறை ஆசையாக இறங்கிப் பார்த்தேன். எனக்குக் கிடைத்தது ஒரு கிளிஞ்சலும், ஒரு வாரத்துக்கு முதுகுவலியும்.

கன்னியம்மாவும் அந்த வேலை செய்தவர்தான். முட்டி தேய்ந்துபோனதால் இப்போது ஏரியில் இறங்குவதில்லை. வீட்டில் சமையல், மீன் ஆய்வது, பிடித்துவரும் இறாலைக் கடைத்தெருவில் உட்கார்ந்து விற்பது எல்லாம் அவர் பொறுப்பு. என் வீட்டுக் குழம்பு அவர் தயவில்தான் மணக்கிறது.

சரி... முடி எங்கே வந்தது?

வெண்ணிலா துண்டை அவிழ்த்தாள். அம்மாடி! அவள் கூந்தலை நான் எப்போதும் கொண்டையாகத்தான் பார்த்திருக்கிறேன். அவிழ்த்துவிட்டால் தொடை வரைக்கும் வருகிறது. ஆனால் பாதிக்குமேல் கூந்தலாகவே இல்லை. உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் கிடந்து கிடந்து, தேங்காய் நாராகி, கொத்துக் கொத்தாகச் சிக்கு. நடுவில் பச்சையாக என்னவோ நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். நைலான் வலை!

"அய்ய, அத இன்னாத்துக்குக் கேக்குற..." என்று கன்னியம்மா ஆரம்பித்தார்.

நடந்தது இதுதான். முந்தின நாள் வெண்ணிலா ஏரியில் குனிந்து துழாவும்போது கொண்டை அவிழ்ந்து தண்ணீரில் விழுந்திருக்கிறது. பக்கத்திலேயே யாரோ கட்டியிருந்த நண்டு வலை. முடி அதில் போய் மாட்டிக்கொண்டது. நிமிர முடியவில்லை. முகம் தண்ணீரைத் தொடுகிறது. வாயில் பறி. பறியைத் துப்பிவிட்டுக் கத்தியிருக்கலாம் இல்லையா? கத்தவில்லையாம்!

"பறி நெறைய எறா இருந்துதுக்கா. எப்பிடி உடுறது?" என்றாள் வெண்ணிலா, அழுகைக்கு நடுவில்.

கேட்டீர்களா கதையை! எனக்கு அவளை அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.

நல்லவேளை, ஏழுமலை பார்த்துவிட்டான். ஓடிவந்தான். கையில் கத்தி. முடியை அறுப்பதா, வலையை அறுப்பதா? அவன் யோசிக்கவே இல்லை. வலையை அறுத்துவிட்டான்.

வெளியூர் வாசகர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. இங்கே அடுத்தவர் வலையை அறுப்பது என்றால், அடுத்தவர் வீட்டுக் கதவை உடைப்பது மாதிரி. வலைக்குச் சொந்தக்காரர் பக்கத்துக் கோட்டைக்குப்பத்து ஆள். வந்து நின்று கத்து கத்தென்று கத்தியிருக்கிறார். ஏழுமலை நேராக அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து, அறுத்த இடத்தைத் தன் கையாலேயே முடிந்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

"இன்னிக்கி வலைய அறுத்தான். நாளைக்கி நான் மட்டும் போறப்ப மாட்டிகிச்சின்னா?" என்று வெண்ணிலா தானாகவே மெதுவாகச் சொன்னாள். "அத்த சொல்றதும் நாயந்தான். ஆனா மனசு வரலியேக்கா. எங்கிட்ட இருக்குற ஒரே ஷோக்கு இந்த முடிதான்."

"ஷோக்கு! உசுரு பூட்டா ஷோக்கு எதுக்கு?" கன்னியம்மா கத்தரிக்கோலை ஆட்டினார். "எனக்குந்தான் இருந்துது. முட்டி வரிக்கும் இருந்துது. எம் மாமியா ஒரே வெட்டா வெட்டிவுட்டா. நான் இன்னா செத்தா பூட்டேன்?"

அவர் தலையைப் பார்த்தேன். கழுத்தோடு நின்றது நரைத்த முடி. இத்தனை வருடமாக அவரிடம் இறால் வாங்குகிறேன். அவர் முடி ஏன் குட்டை என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

"ஞாயித்துக்கெழம வரிக்கும் பாப்பேன். சிக்கு வுழாம, வலையில மாட்டாம இருக்கறதுக்கு எதுனா வழி இருந்தா சொல்லு. இல்லாங்காட்டி வெட்டிடுவேன். அவ்ளோதான்!" என்று சொல்லிவிட்டுக் கன்னியம்மா காபியைக் குடித்தார். கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டுதான் குடித்தார்.

எனக்கோ உடம்பெல்லாம் பரபரவென்று ஆகிவிட்டது. ஏன் தெரியுமா? சில மாதங்களாகவே இந்தப் பத்திக்கு வருகிற கடிதங்களில் ஒரு கேள்வி விடாமல் துரத்துகிறது. 'மேடம், தலைக்குப் போடும் ஷாம்பு, கண்டிஷனர், சீரம் இதிலெல்லாம் சிலிகான் இருக்கிறதே... போடலாமா, கூடாதா?' கேட்பவர்கள் பெரும்பாலும் ஏசி ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களுக்கு அது பளபளப்புப் பிரச்சினை. இதோ, எதிரில் நிற்பவளுக்கு அது கத்தரிக்கோல் பிரச்சினை!

முதலில் எண்ணெயை ஊற்றி, முடிக்குள் இருந்த வலைத் துண்டுகளைப் பிரித்தெடுத்தோம். மூன்று பெண்கள், இரண்டு சீப்பு, ஆறிப்போன இட்லி. நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறினோம். வெண்ணிலா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பறி கவ்விப் பழகிய பல் அல்லவா!

வேலை நடக்கும்போதே சொன்னேன். "வெண்ணிலா, முடிமேல வழுவழுன்னு ஒரு பூச்சு இருந்தா சிக்கு விழாது. சிலிகான் போட்ட சீரம் வாங்கித் தர்றேன்."

"அய்யோ, சிலிகானா? வேணாக்கா! அது வெஷம். முடிக்கு மூச்சு முட்டுமாம். செல்லுல பாத்தேன்."

காட்டினாள். ஒரு பெண், முகத்துக்கு நேராக விளக்கை வைத்துக்கொண்டு, சிலிகான் போட்டால் முடிக்கு மூச்சே விட முடியாது என்று கண்ணை உருட்டிச் சொல்கிறாள். அடுத்த வீடியோவில் இன்னொருத்தி, சிலிகான் இல்லாத சீரமும் ஒரு சீரமா என்று சிரிக்கிறாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் ஏரி உப்பைக் கண்ணால் பார்த்திருப்பார்களா? ஏரியை விடுங்கள்... வெயிலைப் பார்த்திருப்பார்களா?

பொன்னேரியில் என்னோடு படித்த மாலா இப்போது சென்னையில் தோல் டாக்டர். உடனே போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன்.

"மாலா, சிலிகான் போட்டா முடிக்கு மூச்சு முட்டுமா?"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "ஏண்டி, வெளிய தொங்குற முடி செத்த பொருள்டி. உயிரே இல்ல, அப்புறம் எங்கேருந்து மூச்சு? சிலிகான் ரெயின்கோட் மாதிரி. மேல ஒரு பூச்சு, அவ்வளவுதான். உள்ள போயி ரிப்பேரும் பண்ணாது, விஷமும் இல்ல. சிக்கு விழறது குறையும். ஆனா தண்ணில லேசுல போகாது. ஒழுங்காத் தேய்ச்சுக் குளிக்கலைன்னா பூச்சுமேல பூச்சு ஏறி, முடி பிசுபிசுன்னு தொங்கிடும். தலைத்தோல்ல தேய்க்காதீங்க. முடியோட பாதிலேருந்து நுனி வரைக்கும், ஒரு பட்டாணி அளவு. போதும்."

நான் போனை வைக்கப் போனேன். வெண்ணிலா என் கையைப் பிடித்தாள்.

"இன்னொண்ணு கேளுக்கா. நான் அதோட ஏரில எறங்குவனே... எறாக்கு ஒண்ணும் ஆவாதா?"

தன் முடி போகப்போகிற நேரத்தில் இறாலைப் பற்றிக் கேட்கிறாள்!

"நல்ல கேள்விதான்" என்றாள் மாலா. "சில வகை சிலிகான் சீக்கிரத்துல மக்காதுன்னு சொல்லி, சில நாடுகள்ல கட்டுப்பாடு வச்சிருக்காங்க. ஒரு ஆளு போடுற ஒரு சொட்டுல என்ன ஆகும்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. அதனாலதான் கொஞ்சமாப் போடுங்கறேன். கண்டிஷனர் மாதிரி ஊத்திக் கழுவறதைவிட, சீரம் மாதிரி தடவிக்கிட்டு விடறது மேல்."

வெண்ணிலா யோசித்தாள். கன்னியம்மாவின் இடுப்பைப் பார்த்தாள். அங்கே கத்தரிக்கோல்.

"பட்டாணி அளவுதான? சரிக்கா. வாங்கு" என்றாள்.

மறுநாளே பொன்னேரிக்குப் பஸ் ஏறினேன். ஃபேன்சி ஸ்டோரில் அந்தக் கடைக்காரப் பெண் கேட்டாள், "உங்களுக்கா மேடம்?" அவள் பார்வை என் தலைக்குப் போய்விட்டு, பாவம், உடனே கீழே இறங்கிவிட்டது. கூந்தல் உள்ளவள் அள்ளி முடிவாள். எனக்கு அந்தக் கவலை எப்போதோ தீர்ந்துவிட்டது. பாட்டிலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்னென்னவோ பெயர்கள். 'கோன்' என்று முடிந்தால் பெரும்பாலும் சிலிகான். திருப்பாலைவனம் தாண்டும்வரை பஸ்ஸில் பாட்டிலைக் கண்ணருகில் வைத்து எழுத்துக்கூட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர், "கண்ணுக்கு விடுற மருந்தாம்மா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக் கூடத்தில் ஒரு பரிசோதனை நடந்தது பாருங்கள்... பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் இவ்வளவு சுவாரசியமாக இருந்திருந்தால் நான் பத்தி எழுத வந்திருக்க மாட்டேன்!

வெண்ணிலாவின் கூந்தலை இரண்டாகப் பிரித்தோம். இடது பக்கம் சும்மா விட்டோம். வலது பக்கம் நான் சீரம் தடவினேன். கன்னியம்மா ஏரிக்கரையில் கிடந்த ஒரு பழைய நண்டு வலைத் துண்டைக் கொண்டுவந்திருந்தார். ஜட்ஜும் அவர்தான், வக்கீலும் அவர்தான்.

வலையை இடது பக்க முடிமேல் போட்டு இழுத்தார். பிடித்துக்கொண்டது. "ஆ!" என்று வெண்ணிலா அலறினாள். "பாத்தியா? நான் சொன்னேன்ல!" என்றார் கன்னியம்மா, வெற்றியோடு.

"வலது பக்கம் போடுங்க."

போட்டார். இழுத்தார்.

வலை சர்ர்ரென்று கையோடு வந்துவிட்டது!

கன்னியம்மா வலையைப் பார்த்தார். முடியைப் பார்த்தார். நம்பவில்லை. வலையை முடிக்குள் நன்றாக அமுக்கி, முறுக்கி, மறுபடி இழுத்தார். லேசாகப் பிடித்தது, உடனே விட்டுவிட்டது. வெண்ணிலா கத்தவில்லை, சிரித்தாள்.

"இன்னாடி இது... வழுக்கிகினு வருது! மெய்யாலுமே வழுக்கிகினு வருது!" கன்னியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கைதட்டினேன். வெண்ணிலா எழுந்து என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பாதி முடி நார், பாதி முடி பட்டு. அந்தக் கோலத்தில் அவளை யாராவது பார்த்திருந்தால் வேப்பிலை அடித்திருப்பார்கள்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். வாசகர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது, தலைப்புகூட மனதுக்குள் எழுதிவிட்டேன். அவசரக்குடுக்கை!

அடுத்த நாள் விடிகாலையில் வெண்ணிலா தானாகவே சீரம் தடவி, கொண்டை போட்டுக்கொண்டு ஏரிக்குப் போனாள். நான் பத்து மணிக்கெல்லாம் வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். வந்தாள். கொண்டை கலையவில்லை, ஒரு சிக்கு இல்லை. முகம் மட்டும் தொங்கிப்போயிருந்தது. பின்னாலேயே கன்னியம்மா.

"என்ன ஆச்சு?"

வெண்ணிலா பறியைக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் நாலைந்து பொடி இறால்.

"முடி நின்னுச்சுக்கா. எறா நிக்கல!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்தாள். வழவழவென்று வெண்ணெய் மாதிரி இருந்தது. விஷயம் அப்போதுதான் உறைத்தது. பட்டாணி அளவு என்று டாக்டர் சொன்னார். இவளோ தொடை வரை முடிக்குப் பட்டாணி எந்த மூலைக்கு என்று உள்ளங்கைக் குழி நிறைய ஊற்றித் தடவியிருக்கிறாள். மிச்சத்தை வீணாக்குவானேன் என்று முழங்கை வரைக்கும் பூசிக்கொண்டாளாம், உப்பு அரிக்காமல் இருக்கட்டும் என்று. பிறகு அதே கையோடு ஏரியில் இறங்கினால்? இறால் தட்டுப்படுகிறது, பிடிக்கிறாள், துள்ளுகிறது, போயே போய்விட்டது! இறாலே வழுக்கல், கையும் வழுக்கல். அவள் வாழ்க்கையில் இத்தனை இறாலைத் தொட்டு இத்தனை குறைவாகப் பிடித்தது அன்றைக்குத்தானாம்.

"ஏம்மா, கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு எறங்க வேண்டியதுதானே?"

"கழுவனேன்க்கா. எங்கூட்டு பம்புத் தண்ணி உப்புத் தண்ணி. சோப்பு நொரைக்கவே மாட்டுது. எங்க போவும்?"

சுருக்கென்றது எனக்கு. சிலிகான் போடலாமா என்று ஊரே கேட்கிறது. உங்கள் வீட்டில் என்ன தண்ணீர் என்று யாராவது கேட்டோமா? 'நன்றாகத் தேய்த்துக் குளித்தால் போய்விடும்' என்பது நுரை வருகிற ஊருக்கு எழுதிய சட்டம். நுரையே வராத ஊரில் பூச்சு ஏறினால் ஏறினதுதான்!

"ராத்திரியில போட்டுக்கோயேன்?"

"ராவுல போட்டா காலீல தலகாணிதான்க்கா பளபளன்னு இருக்கும்."

"கையில உறை?"

"உறை போட்டா எறாவும் ஒண்ணுதான், கல்லும் ஒண்ணுதான். எப்பிடித் தெரியும்?"

"ஏழுமலை போட்டுவிடட்டுமே!"

"அதுவும் எறா புடிக்கிற கைதான?"

எல்லா வழியும் அடைபட்டுப் போனது. கன்னியம்மா வாயைத் திறந்தார். "கூழுக்கும் ஆச, மீசைக்கும் ஆசைன்னா எப்பிடிடீ? ரெண்டுல ஒண்ணுதான். இன்னிக்கி பறி காலி. நாளைக்கும் காலின்னா கூட்டுல இன்னாத்த காய்ச்சறது?"

வெண்ணிலா கொண்டையை அவிழ்த்தாள். தொடை வரைக்கும் சரிந்து விழுந்தது அந்த முடி. எத்தனை அழகு! அதை முன்பக்கமாக எடுத்து ஒருமுறை கையால் நீவினாள். பிறகு மாமியாரின் பக்கம் திரும்பி, கையை நீட்டினாள்.

"குடு அத்தே. நானே வெட்டிக்கிறேன்."

அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதவள், இன்றைக்குக் கடையில் சாமான் கேட்கிற மாதிரி கத்தரிக்கோல் கேட்கிறாள்.

கன்னியம்மா கத்தரிக்கோலை இடுப்பிலிருந்து உருவினார். நீட்டினார். வெண்ணிலா அதைப் பிடித்தாள். ஆனால் கன்னியம்மா விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நானும் இப்பிடித்தான் கேட்டு வாங்கனேன்" என்றார் கன்னியம்மா. குரல் மாறியிருந்தது. "எம் மாமியா வெட்டலடீ. சும்மா சொன்னேன். வெட்டுன்னு சொன்னா, நானே வெட்டிகினேன். அன்னிக்கி ராவெல்லாம் அந்த முடியப் பக்கத்துல வச்சிகினு படுத்துனு இருந்தேன். வேணான்னு சொல்ல ஒரு நாதி இல்ல எனக்கு."

கத்தரிக்கோலை வெடுக்கென்று பிடுங்கி என் டேபிள்மேல் வைத்தார்.

"எங்க அந்த பாட்லு? இங்க குடு. என் கை ஏரில எறங்கறதில்லியே, நான் போட்டுவுடறேன். நீ ஒரு சொட்டுகூடத் தொடாத!"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். காபி போடத்தான். சத்தியமாகக் காபி போடத்தான்!

அடுத்த நாளிலிருந்து விடிகாலையில் கன்னியம்மா கையால் சீரம், கன்னியம்மா கையால் பின்னல், இறுக்கிக் கட்டிய கொண்டை. வெண்ணிலாவின் கை சுத்தமாக, காய்ந்து, சொரசொரவென்று இருக்கும், இறாலுக்குத் தயாராக. ஞாயிற்றுக்கிழமை வந்தது. பறி நிறைந்தது. முடியும் தலையில் இருந்தது. எனக்கு அன்றைக்கு ஒரு கை இறால் இலவசம்!

தண்ணீர்ப் பிரச்சினைக்கும் கன்னியம்மாவே தீர்ப்பு சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டில் நல்ல தண்ணீர் என்றால் குடிக்க மட்டும்தான். தெருக்குழாயில் வரிசையில் நின்று பிடித்து, மூடிபோட்டு வைத்திருப்பார். அந்தக் குடத்தில் யாராவது கால் கழுவினால் அன்றைக்கு வீட்டில் பூகம்பம். இப்போது வாரத்துக்கு ஒரு குடம் மருமகள் தலைக்கு என்று தனியாக எடுத்து வைக்கிறார். அதில் ஷாம்பு நுரைக்கிறது, ஏறிய பூச்சு இறங்குகிறது. மாலாவிடம் சொன்னேன். "எங்கிட்ட வர்ற பேஷண்ட்டுக்கு நான் மருந்துதாண்டி எழுதித் தர முடியும். மாமியாரை எழுதித் தர முடியுமா?" என்றாள்.

ஆகவே... கடிதம் எழுதிக் கேட்ட அத்தனை பேருக்கும் என் பதில். சிலிகான் பூதமும் இல்லை, தேவாமிர்தமும் இல்லை. ஒரு சட்டை. உங்கள் முடி எதில் போய் உரசுகிறது? உங்கள் குழாயில் வருவது நல்ல தண்ணீரா, உப்பா? தடவிய கையால் அடுத்து என்ன வேலை செய்யப்போகிறீர்கள்? ஏசி அறையில் உட்கார்ந்து, முடியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுதான் வேலை என்றால், போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். முகத்துக்கு விளக்கு வைத்துக்கொண்டு பேசுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி எதுவுமே தெரியாது. தெரியாதவர்கள் சொல்லைக் கேட்டு பாட்டிலைத் தூக்கிப்போடவும் வேண்டாம், தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொள்ளவும் வேண்டாம். முடிவெடுக்க வேண்டியது முடிக்குச் சொந்தக்காரி!

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலிலேயே ஓர் அதிசயக் காட்சி. கன்னியம்மாவின் வீட்டுக்காரர், ஏழுமலையின் நைனா, அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். மூக்கில் ஒரு செதில், புருவத்தில் இரண்டு செதில். கலியாணம் ஆன நாளிலிருந்து அந்த மனிதர் அரிவாள்மனையைத் தாண்டிப் போயிருப்பாரே தவிர, தொட்டிருக்க மாட்டார்.

"என்ன நைனா, நீங்க மீன் ஆயுறீங்க?"

"இன்னா பண்றது... இவ மருமவ தலைக்கு என்னமோ போட்டுவுடறாளாம். கை வழுக்குதாம். மீனு கையில நிக்கலன்றா. டாக்டரே சொல்லிச்சாமே?" என்றார் பரிதாபமாக.

டாக்டர் எங்கே சொன்னார்? நான் கன்னியம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, மருமகள் தலைக்குக் கனகாம்பரம் தொடுத்துக்கொண்டிருந்தார். அத்தனை மெல்லிய காம்பு, அத்தனை பொடிப் பூ... ஒன்றுகூட அவர் கையிலிருந்து வழுக்கவில்லை!